லிப்டன் கணக்கும் மீரியபெத்தக் கணக்கும்

தாமஸ் லிப்டன் 1890களில் பிரித்தானியக் கடைகளில் தேயிலைத் தூளை றாத்தல் 1 ஷில்லிங் 7 பென்ஸுக்கு விற்றார். மொத்தம் 19 பென்ஸ். அதில் 4 பென்ஸ் பிரித்தானிய அரசுக்குப் போன இறக்குமதித் தீர்வை. அதே காலத்தில் இலங்கை மலைநாட்டில் கொழுந்தெடுத்த பெண்ணுக்கு நாள் கூலி 25 சதம் அளவில் இருந்தது. ரூபாய்க்கு 16 பென்ஸ் என்று பின்னர் நிலைத்த மதிப்பில் போட்டால் அதுவும் 4 பென்ஸ்தான். ஒரு றாத்தல் தூளுக்கு லண்டன் எடுத்த வரியும், மலையேறிக் கூடை நிரப்பிய ஒரு பெண்ணின் முழு நாளும் ஒரே தொகை.

லிப்டனின் வாழ்க்கை பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. ஏழை வீட்டுப் பையன், அமெரிக்காவில் தொழில் கற்றவன், 300 கடைகளின் முதலாளி, சேர் பட்டம், பாய்மரக் கப்பல் என்று அந்தக் கதை போகும். இங்கே கதையை விட்டுவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் அவருடைய கணக்கு. மறுபக்கம் அவர் தோட்டம் வாங்கிய ஊவா மலையின் கணக்கு. அந்த மலையின் தெற்குச் சரிவில்தான் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்த இருக்கிறது. இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. இந்த மலையில் தேயிலையை எப்போதும் அவுன்ஸ் பிசகாமல் எண்ணினார்கள். ஆட்களை எண்ணும் இடத்தில் மட்டும் கை தளர்ந்தது.

1. கையிருப்பு: 500 டாலர்

லிப்டன் 1848இல் கிளாஸ்கோவில் பிறந்தார். 1850 என்றுதான் அவரே சொல்லிவந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 13 வயதுக்குள் பள்ளிப் படிப்பு முடிந்தது. எடுபிடி வேலை, சட்டைத் துணி வெட்டும் இடத்தில் வேலை, கப்பலில் பையன் வேலை என்று போய், 1865இல் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம், தென் கரோலினாவில் நெல் தோட்டத்துக் கணக்கு வேலை, கடைசியில் நியூயார்க்கில் மளிகைப் பகுதியில் உதவியாள்.

ஊர் திரும்பும்போது அவரிடம் இருந்த சேமிப்பு சுமார் 500 டாலர். பிரித்தானியப் பணத்தில் ஏறக்குறைய 100 பவுண்டு. அதைவிடப் பெரிய முதல் அவர் அங்கே கண்ட வியாபார முறை: பளிச்சென்ற விளக்கு, கண்ணாடிக்குப் பின்னே அடுக்கிய சரக்கு, குறித்த விலை, ஓயாத விளம்பரம். 1871இல் கிளாஸ்கோ ஸ்டாப்கிராஸ் தெருவில் முதல் கடை. ஒரு பவுண்டு நோட்டுப் போலவே 'லிப்டன் நோட்டு' அச்சடித்து, 15 ஷில்லிங்குக்கு ஒரு பவுண்டு பெறுமதியான பன்றி இறைச்சியும் வெண்ணெயும் முட்டையும் கிடைக்கும் என்று ஊரெங்கும் விநியோகித்தார். 1881 கிறிஸ்மஸுக்கு அமெரிக்காவிலிருந்து ராட்சதப் பாலாடைக்கட்டி ஒன்றை வரவழைத்து, உள்ளே தங்க நாணயங்களைப் புதைத்து வெட்டி விற்றார். 1880களின் முடிவில் கடைகள் சுமார் 300.

இடைத்தரகனுக்கு இலாபம் கொடுக்காமல் விளையும் இடத்திலேயே வாங்கு, குறைந்த விலைக்கு நிறைய விற்று மொத்தத்தில் சம்பாதி. இதுதான் அவருடைய சூத்திரம்.   அந்தச் சூத்திரத்தோடுதான் தோட்டத்துக்கு வந்தார்.

2. காப்பியின் நட்டம், தேயிலையின் வரவு

அவர் வந்த நேரம் முக்கியமானது. 1869இல் காப்பி இலைத் துரு நோய் இலங்கையில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடம், இதே ஊவாவின் மடுல்சீமை. அடுத்த 15 ஆண்டில் காப்பித் துரைமார் ஒவ்வொருவராக முறிந்தார்கள். அவர்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவடைத்தது. மலைநாட்டுத் தோட்டங்கள் பல கடனுக்கு ஈடாகி விலை விழுந்து கிடந்தன. 1886இல் ஆளுநர் ஆர்தர் கார்டன் காலத்தில் ஊவா தனி மாகாணமாகி, பதுளை அதன் தலைநகரானது.

தேயிலைக் கணக்கு மிகச் சிறிதாகத் தொடங்கியது.

1867: லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்டது 19 ஏக்கர்.
1873: லண்டனுக்குப் போன தூள் 23 றாத்தல்.
1890: இலங்கையின் தேயிலை ஏற்றுமதி ஏறக்குறைய 4 கோடியே 60 இலட்சம் றாத்தல்.
1900: ஏறக்குறைய 14 கோடியே 90 இலட்சம் றாத்தல்.

கடைசி இரண்டு வரிக்கும் நடுவே 10 ஆண்டு, மூன்று மடங்குக்கு மேல் பெருக்கம். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில், 1890இல், லிப்டன் கொழும்பில் இறங்கினார். ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன, லேமஸ்தோட்ட, மொனராகந்த முதலிய தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னவில் அவர் காலத்தில் எழுந்த 'ஸ்டோர்', அதாவது தேயிலை ஆலை, இன்றும் நிற்கிறது. ரயில் அப்போது நானுஓயா வரைதான். 1885இல் அங்கே வந்த பாதை ஹப்புத்தளைக்கு 1893இலும், பண்டாரவளைக்கு 1894இலும், பதுளைக்கு 1924இலும்தான் போய்ச் சேர்ந்தது. நானுஓயாவிலிருந்து பதுளைக்கு 39 ஆண்டு. தூள் பெட்டிகள் முதலில் மாட்டு வண்டியிலும் பிறகு ரயிலிலும் இறங்கின. செங்குத்தான மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஆலைக்கு இறக்க வானத்தில் கம்பி இழுத்தார்கள்.

3. ஒரு றாத்தலின் விலை

லிப்டனுக்கு முன்பு பிரித்தானியாவில் நல்ல தேயிலை றாத்தல் 3 ஷில்லிங் அளவில் போனது. அவர் 1 ஷில்லிங் 7 பென்ஸ் என்றார். ஏறக்குறையப் பாதி விலை. பெட்டியிலிருந்து அள்ளி நிறுக்கும் வழக்கத்தை மாற்றி, ஒரு றாத்தல், அரை றாத்தல், கால் றாத்தல் பொட்டலங்களாகக் கட்டி, தன் பெயரை அச்சிட்டு விற்றார். 1890இல் தேயிலைத் தீர்வை றாத்தலுக்கு 6 பென்ஸிலிருந்து 4 பென்ஸாகக் குறைந்ததும் கைகொடுத்தது. கிளாஸ்கோ ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்கு நல்ல தேநீர் வந்ததில் லிப்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. வரவுப் பக்கத்தில் அதை நேர்மையாக எழுதவேண்டும்.

இப்போது செலவுப் பக்கம். 1890களில் தோட்டக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 33 சதம் அளவில், பெண்ணுக்கு 25 சதம் அளவில். ரூபாய்க்கு 16 பென்ஸ் என்று வைத்தால் ஆண் கூலி 5.28 பென்ஸ், பெண் கூலி 4 பென்ஸ்.

லிப்டன் கடையில் ஒரு றாத்தல் தூள் வாங்க ஆணுக்கு 3.6 நாள் கூலி வேண்டும்.
பெண்ணுக்கு 4.75 நாள் கூலி வேண்டும்.

கொழுந்து காய்ந்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் தூளாகத் தேறும். ஒரு பெண் ஒரு நாளில் 20 றாத்தல் கொழுந்து எடுத்தாள் என்று வைத்துக்கொண்டால் அது 5 றாத்தல் தூள். கிளாஸ்கோ கடையில் அதன் விலை 95 பென்ஸ். அதில் அரசின் தீர்வை 20 பென்ஸ். அவள் கூலி 4 பென்ஸ், நூற்றுக்கு 4 பங்கு சொச்சம். கவ்வாத்து, மருந்து, ஆலை, விறகு, வண்டி, கப்பல், பொட்டலம், விளம்பரம் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவள் பறித்த தூளின் மேல் அவளைவிட ஐந்து மடங்கு வாங்கியது, மலையைக் கண்ணால் பாராத ஒரு கருவூலம்.

விலையின் உச்சத்தையும் பார்க்கலாம். 1891இல் மஸ்கெலியாப் பக்கத்துக் கார்ட்மோர் தோட்டத்தின் தங்க முனைத் தேயிலை லண்டன் ஏலத்தில் றாத்தல் 25 பவுண்டு 10 ஷில்லிங்குக்குப் போனது. அது விளம்பரத்துக்காகக் கொடுத்த விலை. வாங்கியது லிப்டன் அல்ல, போட்டி நிறுவனமான மசாவட்டி. அந்த ஒரு றாத்தல் 1,159 ஆண் நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்றால் நாலு வருடத்துக்குச் சற்றுக் குறைவு.

4. பங்கு, தானம், படகு

1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்கு லண்டன் ஏழைகளுக்கு விருந்து வைக்க வேல்ஸ் இளவரசி நிதி திரட்டினார். லிப்டன் கொடுத்தது 25,000 பவுண்டு. மறு ஆண்டு அவருக்குச் 'சேர்' பட்டம். அதே 1898இல் அவர் தொழில் பங்கு நிறுவனமாக மாறியது. மூலதனம் 25 இலட்சம் பவுண்டு. 1902இல் அதற்கும் மேலான பாரனெட் பட்டம்.

இந்தத் தொகைகளைத் தோட்டக் கூலியில் எழுதினால் இப்படி வரும்.

25,000 பவுண்டு: 11 இலட்சத்து 36 ஆயிரம் ஆண் நாள் கூலி.
25 இலட்சம் பவுண்டு: 11 கோடியே 36 இலட்சம் ஆண் நாள் கூலி.

வருடத்துக்கு 300 நாள் என்று வகுத்தால் இரண்டாவது தொகை ஏறக்குறைய 3 இலட்சத்து 79 ஆயிரம் ஆட்களின் ஒரு வருடக் கூலி. 1911 குடிசன மதிப்பில் இலங்கையில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர் குழந்தை, கிழவர் எல்லாரும் சேர்த்து ஏறக்குறைய 5 இலட்சத்து 31 ஆயிரம் பேர். லிப்டனின் தொழில் தேயிலை மட்டுமல்ல. பன்றி இறைச்சி, வெண்ணெய், பழப்பாகு எல்லாம் அதில் அடக்கம். ஆகவே இது சுரண்டலின் அளவு அல்ல. இரண்டு உலகங்களில் பணத்துக்கு இருந்த எடை வேறுபாட்டின் அளவு.

படகுக் கணக்கு வேறு மாதிரி. அமெரிக்காக் கோப்பையை வெல்ல லிப்டன் 'ஷாம்ராக்' என்ற பெயரில் ஐந்து கப்பல்கள் கட்டி ஐந்து முறை சவால் விட்டார்.

1899: 0 வெற்றி, 3 தோல்வி.
1901: 0, 3.
1903: 0, 3.
1920: 2, 3.
1930: 0, 4.

31 ஆண்டில் மொத்தம் 2 வெற்றி, 16 தோல்வி. கோப்பை கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் அவர் பெயர் தெரியாத வீடு இல்லாமல் போனது. தோற்றவருக்கு ஒரு பரிசு கொடுப்போம், ஆளுக்கு ஒரு டாலர் போடுங்கள் என்று நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸ் யோசனை சொல்ல, அந்தப் பணத்தில் செய்த தங்கக் கிண்ணத்தை 1930 டிசம்பரில் நியூயார்க் மேயர் ஜிம்மி வாக்கர் லிப்டனிடம் கொடுத்தார்.

அந்த ஒரு டாலர் அப்போதைய மாற்று மதிப்பில் இலங்கைப் பணத்துக்கு 2 ரூபாய் 75 சதம் அளவு. மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்குச் சட்டப்படியான கூலி அந்த ஆண்டில் 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அமெரிக்க இரசிகர் ஒருவர் அனுதாபமாகப் போட்ட காசு, ஆணுக்கு 5 நாள், பெண்ணுக்கு 6 நாளுக்கும் மேல்.

1931 அக்டோபர் 2ஆம் தேதி லிப்டன் லண்டனில் இறந்தார். மணம் முடிக்கவில்லை, வாரிசு இல்லை. சொத்தின் பெரும் பகுதி கிளாஸ்கோ ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போனது. பாய்மரப் போட்டிப் பரிசுகளும் அவர் பிறந்த நகரத்துக்கே.

5. செக்ரோலில் ஒரு பேர்

தோட்டத்தில் காலையில் பிரட்டுக் களத்தில் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை மலை பிரித்து அனுப்புவார். கொழுந்து நிறுத்து எழுதுவார்கள். குறித்த அளவு எடுத்தால் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், ஒரு நாள் வேலைக்கான 'பேர்' விழும். குறைந்தால் அரைப் பேர். கொழுந்தில் தண்ணீர் இருந்தால், கூடை கனத்தால், முற்றல் இலை கலந்தால் கழிவு உண்டு. தூள் எந்த நாள், எந்த மலை, எந்தத் தரம் என்று கொழும்பு வரைக்கும் சீட்டு ஒட்டிப் போகும்.

ஆளுக்கு ஒட்டிய சீட்டு வேறு. திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணி மூலம் வந்தவர்களின் கடன் 'துண்டு' என்ற தாளில் எழுதப்பட்டது. அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆள் மாறலாம். கட்டாவிட்டால் அங்கேயே கிடக்கவேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு அடையாளமும் வந்தது. போகவேண்டிய தோட்டத்தின் குறி பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். கங்காணிக்குத் தலைக்காசு தனி. ஆள் வேலைக்கு வந்த நாளுக்குப் பென்ஸ் காசு தனி.

கூலி எப்போது கைக்கு வரும்? 1889இன் சட்டம், மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்றது. ஜனவரியில் செய்த வேலைக்கு மார்ச் முடிவில் சம்பளம் தந்தாலும் சட்டப்படி பிழையில்லை. இடைப்பட்ட நாளுக்கு அரிசி முற்பணம், கம்பளி முற்பணம். முற்பணம் ஏற ஏறத் துண்டும் ஏறும். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. அதாவது லிப்டன் தோட்டம் வாங்கி 31 ஆண்டு கழித்து.

சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 1927இன் சட்டத்தால் 1929 ஜனவரியில் வந்தது.

மலைநாடு: ஆண் 54 சதம், பெண் 43 சதம், பிள்ளை 32 சதம்.
நடுநாடு: 52, 41, 31.
தாழ்நாடு: 50, 40, 30.

இந்தப் பட்டியலில் 'பிள்ளை' என்று ஒரு பத்தி இருப்பதைக் கவனிக்கவேண்டும். பெண் கூலி ஆண் கூலியில் நூற்றுக்கு 80 பங்கு. கொழுந்தெடுப்பது பெரும்பாலும் பெண். தோட்டத்தின் வருமானம் அவள் விரலில். ஆணும் பெண்ணும் சம கூலி பெற்றது 1984இல். 1929இலிருந்து 55 ஆண்டு.

6. வட்டமான ஆயிரங்கள்

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அதில் பதுளைத் தொகுதியும் ஒன்று, வென்றவர் எஸ். எம். சுப்பையா. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் சேர்ந்து தோட்டத் தமிழரின் வாக்கைப் பறித்தன. 1952 தேர்தலில் அந்த 7, பூச்சியமானது.

1949இன் இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பம் போனது. ஏற்கப்பட்டது 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவில். ஆறில் ஒருவர். பிறந்த நாளும் தொடர்ந்து வாழ்ந்ததும் தாளில் காட்டவேண்டும் என்றார்கள். பேர் போட்ட செக்ரோல் தோட்டத்திடம் இருந்தது, தொழிலாளியிடம் இல்லை.

1964 அக்டோபரில், நாடற்று நின்ற இந்த மக்களை இந்தியாவும் இலங்கையும் பகிர்ந்துகொள்ள, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். அதன் எண்கள்:

மொத்தம்: 975,000.
இந்தியாவுக்கு: 525,000.
இலங்கைக்கு: 300,000.
பிறகு பார்க்கலாம் என்று விட்டது: 150,000.

மிஞ்சிய 150,000ஐ 1974இல் ஆளுக்குப் பாதியாக 75,000, 75,000 என்று பிரித்தார்கள். மலையில் கொழுந்தை அரை றாத்தல் வரை நிறுத்தவர்கள் இருந்த நாட்டில், மனிதரை மட்டும் மூன்று பூச்சியம் போட்டுப் பகிர்ந்தார்கள். பிரிந்து போனவை வட்டமான எண்கள் அல்ல. ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அண்ணன் இந்தியாவுக்கு, தங்கை இலங்கைக்கு என்று குடும்பங்களே கூறுபட்டன. நாடற்றவர் நிலைக்கு முடிவு காண்பதற்கான சட்டம் 2003இல் வந்தது. 1948இலிருந்து 55 ஆண்டு.

இத்தனைக்குப் பிறகு 2012 குடிசன மதிப்பில் பதுளை மாவட்டத்தில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர் சுமார் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர், மாவட்ட மக்களில் நூற்றுக்கு 18 அளவில்.

7. மீரியபெத்த: 2014 அக்டோபர் 29

பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் சாலையில் கொஸ்லாந்தை. அதற்கு மேலே மலைச்சரிவில் மீரியபெத்த. ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவு. நிலம் நழுவக்கூடியது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையே 9 ஆண்டு. மாற்று நிலம் எழுதிக்கொடுக்காத எச்சரிக்கையால் லயத்துக்காரர் எங்கே போக முடியும்? வீடு தோட்டத்துடையது, நிலம் அரசினுடையது அல்லது குத்தகைக் கம்பெனியுடையது, வேலை அங்கேயே. வெளியேறு என்ற சொல்லோடு கூடவே ஒரு முகவரி வரவில்லை.

அன்று புதன்கிழமை. பல நாள் மழைக்குப் பிறகு காலை ஏழரை மணியளவில் மலை இறங்கியது. பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், பெரியவர்கள் சிலர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். லயங்களும் கோவிலும் கடைகளும் மண்ணுக்குள் போயின.

அடுத்து வந்த எண்களைப் பாருங்கள். முதல் நாள் 300 வரை பேசப்பட்டது. பிறகு காணாமற்போனோர் 192 என்று செய்தி உலகமெங்கும் போனது. அதற்குப் பின் நூறு, நூறுக்கும் கீழே என்று இறங்கியது. கடைசியில் இறந்தோர் 37 என்று நின்றது. உடல்கள் கிடைத்தது அதிலும் ஒரு பகுதிக்கே. மற்றவர்களுக்கு மண்ணே சமாதி.

192 எங்கே, 37 எங்கே? குறைந்ததில் ஆறுதல் உண்டுதான். ஆனால் எந்த லயத்தில், எந்தக் காம்பராவில், அதாவது அறையில், எத்தனை பேர் அன்று காலை இருந்தார்கள் என்று உடனே சொல்லக்கூடிய ஏடு ஒன்று யார் கையிலும் இருக்கவில்லை. முந்தைய நாள் அந்த மலையில் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்கள் என்று கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்.

பிழைத்தவர்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு பழைய தேயிலை ஆலைக் கட்டடத்தில் முகாமிட்டு இருந்தார்கள். 2016 அக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் நிலம். லயக்காம்பரா பொதுவாக 10 அடிக்கு 12 அடி, 120 சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்றால் 1,906 சதுர அடி. ஒரு குடும்பம் கால் நீட்ட, ஏறக்குறைய 16 காம்பரா அளவு இடம். இந்த இடம் மலைநாடு முழுவதும் கேட்கப்படுவது. மீரியபெத்தவுக்கு அது 37 உயிருக்குப் பிறகு வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடி சரிந்தபோது, அதே எச்சரிக்கை, அதே லயம், அதே கேள்வி திரும்பி வந்தன.

8. 2024இல் ஒரு நாள்

1000 ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை 2015இல் எழுந்தது. வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச். கோரிக்கைக்கும் வர்த்தமானிக்கும் இடையே ஆறு ஆண்டு. 2024 செப்டம்பரில் அடிப்படை 1,350 ரூபாய் ஆனது.

நோம், அதாவது ஒரு நாளில் எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவு, 18 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். தோட்டத்துக்குத் தோட்டம் இது கூடும், குறையும். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்றால் ஒரு பெண்ணின் ஒரு நாள் 4 கிலோ தூள்.

2024 கொழும்பு ஏலச் சராசரி கிலோ சுமார் 1,200 ரூபாய். 4 கிலோவுக்கு 4,800 ரூபாய்.
அந்த ஆண்டு செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படைக் கூலி 1,350 ரூபாய். ஏல விலையில் நூற்றுக்கு 28 பங்கு.
2 கிராம் தேநீர்ப் பைகளாகக் கட்டினால் 2,000 பை. பைக்குக் கூலி 67 சதம் அளவில்.

கம்பெனிகள் சொல்லும் பதிலையும் எழுதவேண்டும். கூலி தவிர உரம், எரிபொருள், மின்சாரம், ஊழியர் சேமலாப நிதி எல்லாம் அந்த 4,800க்குள்தான் அடங்கவேண்டும். மரங்கள் வயதானவை, மலைநாட்டு விளைச்சல் குறைவு, ஏல விலை தங்கள் கையில் இல்லை. இது பொய்யல்ல. ஆனால் ஏலத்துக்குப் பிறகு நடக்கும் கணக்கு இதைவிடப் பெரியது. லிப்டன் உள்ளிட்ட தேயிலைப் பெயர்களை யூனிலீவர் 2022இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று முடித்தது. விலை 450 கோடி யூரோ. இலங்கை 2024இல் 24 கோடியே 50 இலட்சம் கிலோ அளவில் தேயிலை ஏற்றி ஈட்டியது 143 கோடி டாலர் அளவில். ஒரு நாடு மூன்று ஆண்டுக்கு மேல் தேயிலை விற்றால் வரும் பணம், பொட்டலத்தின் மேல் இருக்கும் பெயர்களின் விலை. 1890இல் பொட்டலத்தில் தன் பெயரை அச்சிட்டவருக்கு இலாபம் எங்கே நிற்கும் என்று தெரிந்திருந்தது.

9. நிலுவை

லிப்டனை வில்லனாக்க இந்தக் கணக்கு போதாது. அவர் கூலியைக் கண்டுபிடிக்கவில்லை. கங்காணியும் லயமும் அவர் வருமுன்பே காப்பிக் காலத்தில் இருந்தவை. அவர் செய்தது, இருந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு மறுமுனையில் விலையைக் குறைத்தது. விலை குறைந்தது வாங்குபவருக்கு. கூலி அங்கேயே நின்றது. தானம் போனது லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும். நாட்டுடைமை, தனியார்மயம், வர்த்தமானி என்று அதற்குப் பிறகு வந்த எல்லாக் கைகளும் அதே செக்ரோலைத்தான் திருப்பின.

மீதி என்ன என்று கேட்டால் மூன்று வரி எழுதலாம்.

ஒன்று, மண்சரிவு அபாய வலயத்தில் இருக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் காம்பரா வாரியாக ஆட்கள் பெயர் எழுதிய ஏடு. தோட்ட அலுவலகத்தில் ஒரு பிரதி, கிராம அலுவலரிடம் ஒரு பிரதி, பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி. செக்ரோல் எழுதும் தோட்டத்துக்கு இது ஒரு வார வேலை.

இரண்டு, எச்சரிக்கைக் கடிதத்தோடு சேர்த்தே மாற்றுக் காணியின் எண்ணும் உறுதியும். முகவரி இல்லாத எச்சரிக்கை, எழுதியவரைக் காப்பாற்றும். குடியிருப்பவரைக் காப்பாற்றாது.

மூன்று, சம்பளச் செய்தி வரும்போது வாசகர் கேட்கவேண்டிய கேள்விகள். அடிப்படை எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு? நோம் எத்தனை கிலோ? மாதத்தில் எத்தனை 'பேர்' கொடுக்கிறார்கள்? இந்த மூன்றும் இல்லாமல் அறிவிக்கப்படும் எந்தத் தொகையும் அரைக் கணக்கே.

தம்பேதன்னவுக்கு மேலே ஏறக்குறைய 1,970 மீற்றர் உயரத்தில் 'லிப்டன் சீட்' இருக்கிறது. அங்கே போகிறவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கி, படம் எடுத்து, தேநீர் குடித்துத் திரும்புகிறார்கள். போங்கள், நல்ல இடம். அங்கே நிற்கும்போது லிப்டன் எத்தனை ஏக்கர் வைத்திருந்தார் என்று வழிகாட்டி சொல்வார். கீழே தெரியும் லயங்களில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், அந்தச் சரிவு அபாய வலயமா, யாருக்காவது காணி உறுதி இருக்கிறதா என்றும் அவரிடம் கேளுங்கள். கேட்பவர் பெருகினால்தான் அந்த ஏடு எழுதப்படும்.